ஏழையின் முகம் நமது விளம்பரப் பலகை அல்ல!





ரமளான் பிறை தென்படுவதற்கு முன்பே நம் கைப்பேசிகளில் ஒரே வகையான படங்கள் வந்து குவியத் தொடங்கிவிடுகின்றன. ஒரு ஷாமியானாப் பந்தல். பின்னால் அமைப்பின் பெயரும் சின்னமும் பொறித்த பதாகை. வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்த நிர்வாகிகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் எல்லோருடைய கைகளும் ஒரே ஓர் அரிசிப் பையைப் பிடித்திருக்கின்றன. நடுவே, முக்காட்டை இன்னும் சற்றுக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கிறார் ஒரு விதவைப் பெண்மணி. படத்தின் கீழே "மாஷா அல்லாஹ்!" என்று தொடங்கும் ஒரு வாசகம். அதற்கும் கீழே, "அதிகம் பகிருங்கள்" என்ற வேண்டுகோள்.

அந்தப் பெண்மணி பகிரச் சொன்னாரா என்று எவரும் கேட்பதில்லை.

நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால், அநாதை இல்லங்கள், கல்வி உதவி அமைப்புகள், மருத்துவ உதவிக் குழுக்கள் ஆகிய அனைத்தும் இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் பக்கம் வைத்திருக்கின்றன. அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத இளைஞர்கள். கல்லூரி மாணவர்கள், தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள், வீட்டுவேலைகளுக்கிடையே கைப்பேசியில் அறிவிப்புகளை வடிவமைத்துத் தரும் சகோதரிகள் ஆகிய இவர்கள் தங்கள் உறக்கத்தையும் ஓய்வையும் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிறார்கள். இவர்களது இக்லாஸைச் சந்தேகிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால், இவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் பாடம் தவறானது. "முகம் இருந்தால்தான் பார்ப்பார்கள், கண்ணீர் இருந்தால்தான் பகிர்வார்கள், பகிர்ந்தால்தான் நிதி வரும்" என்பதே அந்தப் பாடம். வணிக நிறுவனங்கள் பொருள் விற்கக் கற்றுத்தந்த இந்தப் பாடத்தை, ஸதக்காவின் வாசலுக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டோம்.

இதன் விளைவாக நம் அமைப்புகள் மறைக்க வேண்டியதைக் காட்டுகின்றன. காட்ட வேண்டியதை மறைக்கின்றன. உதவி பெறுபவரின் முகம் ஊரெங்கும் தெரிகிறது. உதவிப் பணத்தின் கணக்கோ நிர்வாகிகளின் அலமாரிக்குள் இருக்கிறது. இது தலைகீழாக மாற வேண்டும் என்பதே நமது வாதம்.

நாமும் அந்த வரிசையில் நின்றவர்களே

பிறரைக் குறைகூறும் முன் நம் பங்கைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்கூடம் திறக்கும் பருவத்தில், ஓர் அமைப்பு யதீம் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் நோட்டுகளும் வழங்கியது. துஆ ஓத நம்மை அழைத்திருந்தார்கள். மேடையேறினோம், துஆ ஓதினோம், நம் கையாலேயே சில பைகளை வழங்கவும் செய்தோம். படம் எடுத்தபோது, "தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க" என்று ஒரு சிறுவனிடம் சொன்னதும் நாமே. அவன் நம் மதரஸாவில் ஓதும் மாணவன்.

அந்தப் படம் அன்று மாலையே ஊரின் எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தோழன் ஒருவன் தன் வீட்டார் பேசியதை அப்படியே வந்து சொன்னான்: "உன் பை ஓசிப் பையாமே!" அதன்பின் ஒரு வாரம் அந்தச் சிறுவன் மதரஸாவுக்கும் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. விசாரிக்கப் போனபோது அவனுடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னார்: "உங்க மேல கோபமில்ல ஹஜ்ரத். அடுத்த வருஷம் நான் கடன வாங்கியாவது வாங்கிக் கொடுத்துக்கறேன்." சொன்னபடியே செய்தார். மறு ஆண்டு அவர் வாரத்தவணைக் குழுக்கடன் வாங்கினார். அது வட்டிக் கடன்.

சகோதரர்களே, சற்று நிறுத்தி யோசியுங்கள். ஒரு விதவையை வட்டியிலிருந்து காப்பதற்காகவே பைத்துல்மால் ஏற்பட்டது. நாம் எடுத்த ஒரு படம், அந்த விதவையைப் பைத்துல்மாலின் வாசலிலிருந்து வட்டியின் வாசலுக்கு அனுப்பிவைத்தது. அந்தப் படத்துக்கு எத்தனை விருப்பக் குறிகள் கிடைத்தன என்பது நமக்கு நினைவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட குரல் மட்டும் மறக்கவில்லை.

குர்ஆன் கற்பிக்கும் ஒழுங்கு

சூரத்துல் பகராவின் 262 முதல் 264 வரையிலான வசனங்களை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும், கொடுக்கப்பட்டவரை நோவினை செய்வதும் தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று அல்லாஹ் அங்கே எச்சரிக்கிறான். நல்ல சொல் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவது, நோவினை தொடரும் தர்மத்தை விட மேலானது என்றும் கற்பிக்கிறான். மனிதர் பார்க்கக் கொடுப்பவரின் நிலைக்கு அவன் காட்டும் உவமை, மேலே சிறிது மண் படிந்த வழுக்குப் பாறை. ஒரு பெருமழை போதும். பாறை வெறும் பாறையாகிவிடும்.

முற்காலத்தில் சொல்லிக்காட்ட ஒரு மனிதன் வாய் திறக்க வேண்டியிருந்தது. எத்தனை முறை சொன்னாலும் பத்துப் பேருக்கு முன்னால்தான் சொல்ல முடியும். இன்றோ, நாம் உறங்கும்போதும் நம் சார்பில் சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கிறது கைப்பேசி. முகநூல் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் பழைய படத்தை எடுத்துவந்து, மீண்டும் பகிரச் சொல்லி நினைவூட்டுகிறது. ஒருவரது வாட்ஸப்பிலிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து பிறருக்கு என்று பரவிவிட்ட படத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற எவராலும் இயலாது. அன்று மூன்றாம் வகுப்பில் பை வாங்கிய சிறுமி, நாளை திருமணப் பேச்சு நடக்கும் வயதில் அந்தப் படத்தை எதிர்கொள்ள நேரலாம். சொல்லிக்காட்டுவதற்கு இதைவிட நீண்ட ஆயுள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அதே சூராவின் 273ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. தர்மத்துக்கு மிகவும் உரிய ஒரு கூட்டத்தாரை அல்லாஹ் அங்கே அடையாளம் காட்டுகிறான். அவர்கள் கைநீட்டாத தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்றே எண்ணிவிடுவான். மனிதர்களை வற்புறுத்திக் கேட்பது அவர்கள் வழக்கமன்று. இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இப்படிப்பட்டவர் நமது ஷாமியானாவுக்கு வருவாரா? கேமராவைக் கண்டால் தெருமுனையிலேயே திரும்பிவிட மாட்டாரா? அவ்வாறாயின், அல்லாஹ் யாரைத் தேடிக் கொடுக்கச் சொன்னானோ அவர்களையே நமது படமெடுப்பு துரத்திவிடுகிறது. பட்டியல் நிறைந்திருக்கலாம், உரியவர் அதில் இல்லாமல் போகலாம்.

மதீனாவில் இமாம் ஜைனுல் ஆபிதீன் அலி இப்னு ஹுஸைன் (ரஹ்) அவர்கள் இரவு நேரத்தில் மாவு மூட்டைகளைத் தம் முதுகிலேயே சுமந்து சென்று ஏழைகளின் வீடுகளில் சேர்த்துவந்ததை வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் மறைந்து, அந்த இரவு உணவு நின்றபோதுதான் கொடுத்தவர் யாரென்று அவ்வீட்டார் அறிந்தனர். உடலைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் சுமையின் தழும்புகளைக் கண்டார்கள். அந்தத் தழும்பு ஒன்றே அவர்கள் விட்டுச்சென்ற பதிவு.

"காட்டினால்தானே பிறரும் கொடுப்பார்கள்?"

இந்தக் கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்க முடியாதது. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது மேலும் நல்லது என்ற கருத்தை பகரா 271ஆம் வசனம் தருகிறது. கடமையான ஜகாத்தை வெளிப்படையாகவும் உபரியான தர்மத்தை மறைவாகவும் கொடுப்பது சிறப்பு என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியுமிருக்கிறார்கள். ஆகவே, வெளிப்படையே கூடாது என்று நாம் வாதிடவில்லை. வெளிப்பட வேண்டியது எது என்பதே கேள்வி.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. முளர் கோத்திரத்தைச் சேர்ந்த சிலர், காலில் செருப்பின்றி, கிழிந்த கம்பளித் துணியைப் போர்த்தியவர்களாக மதீனாவுக்கு வந்தார்கள். அவர்களது வறுமையைக் கண்டதும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லச் செய்து, தொழவைத்து, பிறகு மக்களிடம் உரையாற்றினார்கள். பேரீச்சம்பழத்தின் ஒரு துண்டாயினும் கொடுங்கள் என்று தூண்டினார்கள். அன்சாரிகளில் ஒருவர் கை தாங்க முடியாத அளவு கனமான பையைக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கொண்டுவர, உணவும் துணியும் இரு குவியல்களாக உயர்ந்தன. நபி (ஸல்) அவர்களின் திருமுகம் பொன்போல் பிரகாசித்தது. நல்ல வழிமுறையைத் தொடங்கிவைப்பவருக்கு அதைப் பின்பற்றுவோரின் கூலியும் உண்டு என்ற நற்செய்தி அப்போதுதான் சொல்லப்பட்டது.

நிதி திரட்டும் ஒவ்வோர் இளைஞரும் இந்த ஹதீஸைப் பாடநூலாகக் கொள்ளட்டும். தேவையைப் பகிரங்கமாகச் சொன்னார்கள், ஆம். பிறர் காணக் கொடுத்தார்கள், ஆம். ஆனால், வந்திருந்த ஏழைகளில் எவரையும் எழுந்து நின்று தம் துயரத்தை விவரிக்கச் சொல்லவில்லை. உரை முழுவதும் செல்வம் உள்ளவர்களின் கடமையைப் பற்றியே இருந்தது. முளர் கோத்திரத்து ஏழை ஒருவரின் பெயர்கூட அந்த அறிவிப்பில் இல்லை. முதலில் கொடுத்த அன்சாரித் தோழரின் பெயரும் இல்லை. அந்த ஹதீஸோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பிறரைக் கொடுக்கத் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

"நன்கொடையாளர்கள் ஆதாரம் கேட்கிறார்களே?"

கேட்பது அவர்கள் உரிமை. வளைகுடா வெயிலில் உழைத்து அனுப்பும் ஜகாத் உரியவரைச் சேர்ந்ததா என்று கேட்காமல் இருப்பதுதான் தவறு. ஆனால், படம் எப்படி ஆதாரமாகும்? ஒரே பையை வைத்துப் பத்துப் படங்கள் எடுக்கலாம். ஓர் அமைப்பு கொடுத்த பொருளின் படத்தை இன்னோர் அமைப்பு தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். படம் காட்டுவது ஒரு நொடியை மட்டுமே. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை அது ஒருபோதும் சொல்லாது.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்ற பொருளில் கூறியபோது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? அவரிடம் கணக்கு கேட்டார்கள். பின்னர் மிம்பரில் ஏறி, பொறுப்பில் அனுப்பப்படுபவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று பகிரங்கமாகவே கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. மிம்பரில் விசாரிக்கப்பட்டது, வசூலித்தவரின் நடத்தை. ஜகாத் பெறுபவரை எவரும் மிம்பருக்கு முன் நிறுத்தவில்லை. நாமோ பெறுபவரை மேடையேற்றிவிட்டு, வசூலிப்பவரைக் கணக்கு கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

மாதம் ஒரு முறை வரவு செலவைத் தெளிவாக வெளியிடும் அமைப்புக்கு ஒரு முகத்தின் படமும் தேவைப்படாது. இன்ன இனத்தில் இவ்வளவு வந்தது. கல்விக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு. ஜகாத் நிதி தனியே, பொது ஸதக்கா தனியே. அலுவலகச் செலவு இவ்வளவு. தணிக்கை செய்தவர் இன்னார். இதுவே ஆதாரம். பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் அலுவலகத்தில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ஐயம் கொண்ட நன்கொடையாளர் நேரில் வந்தால், பொறுப்பாளர்கள் இருவர் முன்னிலையில், அமானத்தாக, தேவையான அளவு சரிபார்க்கட்டும்.

"நம் சேவை தெரியாவிட்டால் நம்மைத் தூற்றுகிறார்களே?"

இந்த வேதனை உண்மையானது. 2020ஆம் ஆண்டு, நோய்த்தொற்றின் பழியையே ஒரு சமுதாயத்தின் மீது சுமத்திச் சமூக ஊடகங்களில் நச்சைப் பரப்பினார்கள். அதே ஆண்டு, கொரோனாவால் இறந்தோரின் உடல்களைத் தொட உறவினரும் அஞ்சிய வேளையில், தமிழ்நாட்டின் பல ஊர்களில் முஸ்லிம் தன்னார்வலர்கள் மத வேறுபாடு பாராமல் அவரவர் முறைப்படி நல்லடக்கம் செய்ய முன்வந்தார்கள். அந்தச் சேவை உலகுக்குத் தெரிந்தது நன்மையே. ஆயினும், அந்தப் படங்களில் இருந்தது எது என்று நினைத்துப் பாருங்கள். தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடை அணிந்த சில உருவங்கள். இறந்தவரின் முகம் இல்லை. சுமந்தவரின் முகமும் இல்லை. பல கோடிச் சொற்கள் செய்ய முடியாததை முகமற்ற அந்தப் படங்கள் செய்தன. சேவையைக் காட்ட ஏழையின் முகம் வேண்டியதில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று எதற்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்ததையும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. வெளிநாடுகளில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் நிலை அறியாமல் தவித்தார்கள். அத்தகைய நேரத்தில் ஒரு தன்னார்வலர் அனுப்பும் சரியான தகவலே உயிர்காக்கும் உதவி: எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கிறது, எங்கே சமைத்த உணவு கிடைக்கிறது, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், எந்தச் செய்தி பழையது, எது பொய்யானது. சமூக ஊடகத்தின் உண்மையான பயன் இதுவே. கழுத்தளவு நீரில் நிற்கும் முதியவரிடம் ரொட்டிப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, "இங்கே பாருங்கள்" என்று சொல்வது அந்தப் பயனைச் சேராது.

"அவர்கள் சம்மதித்தார்களே? முகத்தை மங்கலாக்கினோமே?"

நீட்டிய கைக்கும் அரிசிப் பைக்கும் இடையே நின்றுகொண்டு கேட்கப்படும் சம்மதம், சம்மதமாகாது. மறுத்தால் பை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தில் தலையாட்டுகிறார் அந்த மனிதர். முகத்தை மங்கலாக்குவதும் போதாது. நம் ஊர்கள் சிறியவை. புடவையின் நிறமும், வாசற்படியும், உடன் நிற்கும் பிள்ளையும் போதும். தெருவே அடையாளம் கண்டுகொள்ளும்.

குழந்தைகளின் விஷயத்தில் மார்க்கத்தோடு நாட்டின் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அநாதை இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துப் போடும் சகோதரர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். யதீமை ஒடுக்காதீர் என்பது சூரத்துள் ளுஹாவின் கட்டளை. யதீமைக் காட்சிப்பொருளாக்குவதும் அவன் மனத்தை ஒடுக்குவதுதான்.

தன்னார்வத் தம்பிகளே, தங்கைகளே!

படம் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது.

முதலாவதாக, உதவி தேவைப்படுபவரின் இடத்திலிருந்து உங்கள் அமைப்பின் பக்கத்தைப் பாருங்கள். இரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒருவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசி எண் கிடைக்குமா? அந்த எண் இயங்குகிறதா? அலுவலகம் திறந்திருக்கும் நேரம், விண்ணப்பிக்கும் முறை, கொண்டுவர வேண்டிய சான்றுகள் எழுதப்பட்டிருக்கின்றனவா? கூகுள் வரைபடம் சரியான தெருவைக் காட்டுகிறதா? இவற்றைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டாவதாக, வாய்ப்புகளை அறிவியுங்கள். கல்வி உதவித்தொகைகளின் கடைசித் தேதி, மாவட்டங்களில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம், உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம், முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவை பற்றி எளிய தமிழில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்காக அதையே இரண்டு நிமிடக் குரல்பதிவாகவும் அனுப்புங்கள். அவர் யாரிடமும் கைநீட்டாமல் தமக்குரியதைப் பெற்றுக்கொள்வார்.

மூன்றாவதாக, கணக்கை வெளியிட நிர்வாகிகளுக்குத் துணை செய்யுங்கள். எண்களைப் பார்த்தவுடன் புரியும் அட்டவணையாக்கித் தருவது உங்களுக்கு எளிது, பெரியவர்களுக்குக் கடினம். அவர்கள் தயங்கினால் மரியாதையோடு வலியுறுத்துங்கள்.

நான்காவதாக, பக்கத்தின் கடவுச்சொல் அமானத் என்பதை உணருங்கள். ஒரு தம்பி தன் சொந்த எண்ணில் பக்கத்தைத் தொடங்கிவிட்டு, வேலை கிடைத்து வெளிநாடு போய்விடுகிறார். எண் மாறுகிறது, பக்கம் பூட்டிக்கிடக்கிறது, வேறொருவர் அதே பெயரில் புதிய பக்கம் தொடங்க, எது உண்மையானது என்று மக்கள் குழம்புகிறார்கள். மோசடிக்காரருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? பக்கம் அமைப்பின் மின்னஞ்சலில் இருக்கட்டும். பொறுப்பாளர் இருவர் இருக்கட்டும். இருநிலைச் சரிபார்ப்பு இயங்கட்டும். நீங்கள் விலகும் நாளில் எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்துவிட்டு விலகுங்கள்.

ஐந்தாவதாக, வங்கிக் கணக்கு எண்ணைப் பொதுவெளியில் இடும்முன் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால், மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெற உரிய பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென ஒரு கணக்கும் வேண்டும். ஆர்வத்தில் பகிரப்பட்ட ஓர் எண், பல ஆண்டுச் சேவையைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

படமே வேண்டும் என்றால் கட்டிவைத்த மூட்டைகளை எடுங்கள். கொதிக்கும் கஞ்சி அண்டாவை எடுங்கள். இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கும் இளைஞர்களை, அவர்கள் விருப்பத்தோடு எடுங்கள். பெறும் கையை விட்டுவிடுங்கள்.

இறுதியாக மூன்று தரப்பாருக்கு

நிர்வாகிகளே! உங்கள் தன்னார்வலர்கள் நீங்கள் கேட்பதைத்தான் செய்கிறார்கள். "போட்டோ எடுத்தாச்சா?" என்ற கேள்வியை விடுத்து, "கணக்கு எழுதியாச்சா?" என்று கேட்கத் தொடங்குங்கள். உங்கள் பக்கங்களில் இருக்கும் பழைய படங்களை இந்த ரமளானுக்கு முன் நீக்கச் சொல்லுங்கள். வெளியே போய்விட்டதை மீட்க முடியாது. நம் கையில் இருப்பதையேனும் அழிக்கலாம். நாம் நின்ற அந்தப் படத்தை நீக்கும்படி அந்த அமைப்பிடம் நாமே போய்க் கேட்டோம். அவர்கள் மறுக்காமல் நீக்கினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

நன்கொடையாளர்களே! படம் அனுப்பச் சொல்லாதீர்கள். கணக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஜகாத்தால் உங்கள் மீதிருந்த ஒரு கடமை நிறைவேறியது. வாங்கிக்கொண்டவர் உங்களுக்குக் கடன்பட்டவர் அல்லர்; அந்தச் செல்வத்தில் அவருக்கு இருந்த உரிமையைத்தான் பெற்றுக்கொண்டார். தன் உரிமையைப் பெற்றவர் எதற்காகப் படத்துக்கு நிற்க வேண்டும்?

பெற்றோர்களே! வீட்டிலும் இதைக் கவனியுங்கள். குர்பானி இறைச்சி வாங்க வந்தவரை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பெருநாள் துணி கொடுத்ததை, பிள்ளையின் பிறந்தநாள் என்று முதியோர் இல்லத்தில் உணவளித்ததை, நாம் ஸ்டேட்டஸில் வைத்தால் நம் பிள்ளைகள் அதைத்தான் தர்மம் என்று கற்றுக்கொள்வார்கள். வலக்கரம் கொடுத்ததை இடக்கரம் அறியாதவாறு கொடுத்தவருக்கு, வேறு நிழலே இல்லாத நாளில் அர்ஷின் நிழல் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன நற்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் கையில் ஓர் உறையைக் கொடுத்து, மஃரிபுக்குப் பின் இருட்டிய தெருவில் பக்கத்து வீட்டுக் கதவுக்கு அனுப்புங்கள். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் தர்மங்களை முகஸ்துதியிலிருந்தும் நோவினையிலிருந்தும் காப்பானாக! நம் இளைஞர்களின் உழைப்பை ஏற்றுக்கொண்டு, அதை உரியவருக்குப் பயன்தரும் உழைப்பாக ஆக்குவானாக! நம்மால் தலைகுனிந்தவர்களின் உள்ளங்களைக் குளிரச்செய்து, நம் தவறை மன்னிப்பானாக! ஆமீன்.